பட்டா நம்ம பேருலதான் இருக்குது

எங்க பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் மூணு ஏக்கர் காட்டுக்கான காகிதம் மட்டும் ஒரு கட்டு இருக்குது. அப்பாரு காலத்துக் கிரயப் பத்திரம், பட்டா, சிட்டா, பசலி வாரியா தீர்வை கட்டின ரசீது, எதுவும் குறையாது. இருந்தும் அந்தக் காட்டுக்குக் குறுக்கே போற ஒரு பட்டையில் அவர் கிணறு வெட்ட முடியாது, தென்னம்பிள்ளை வைக்க முடியாது. லைன் வீடு கட்டி பனியன் கம்பெனிக்காரங்களுக்கு வாடகைக்கு விடவும் முடியாது. இருபது வருசத்துக்கு முன்னால அதுக்கு அடியில் ஒரு எண்ணெய்க் குழாய் போனதுதான் காரணம்.

திருப்பூர்னா உங்களுக்கு டி-சர்ட்டுதான் ஞாபகம் வரும். ஊரைத் தாண்டி காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் வந்தீங்கன்னா எல்லாம் வானம் பார்த்த மேட்டாங்காடு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுவே வெள்வேல மரம். மழை இல்லாத வருசம் அடுப்பெரியறது கம்பெனிச் சம்பளத்துலயும் லைன் வீட்டு வாடகையிலயும்தான். அதனால "வீடு கட்டக் கூடாது" என்பது எங்களுக்குச் சின்ன நிபந்தனை இல்லைங்க.

இதுக்கெல்லாம் வேர் 1962-ல் நாடாளுமன்றம் போட்ட ஒரு சட்டம். பெட்ரோலியம், கனிமக் குழாய்களுக்காக நிலத்தின் பயன்பாட்டு உரிமையை மட்டும் எடுத்துக்கொள்ளும் சட்டம். நிலத்தை எடுக்கறதில்லை, கவனிங்க. கெஜட்டில் அறிவிப்பு வரும். அதிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை எழுதித் தரணும். (கெஜட் வாங்கிப் படிக்கிற குடியானவன் எங்க ஊரில் ஒருத்தரும் இல்லை.) பயிருக்கும் மரத்துக்கும் ஆன சேதத்துக்குத் தனிக் கணக்கு. உரிமை போனதுக்கு, அந்தப் பட்டையோட சந்தை மதிப்பில் பத்து சதவீதம். அப்புறம் கட்டடம் கூடாது, கிணறு குளம் கூடாது, மரம் கூடாது. சோளம் விதைச்சுக்கலாம். நிலம் உங்களுதுதானே, எதுக்கு முழு விலை என்பதுதான் சட்டத்தின் நியாயம்.

இந்த அனுபவம் இருந்ததாலதான் கெயில் வந்தப்ப எங்க பக்கம் அவ்வளவு எதிர்ப்பு. கொச்சியில் இருந்து கூட்டநாடு வழியா பெங்களூருக்கு எரிவாயுக் குழாய். தமிழ்நாட்டுக்குள் 310 கிலோமீட்டர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்டம். பட்டையின் அகலம் 20 மீட்டர். ஒருத்தர் காட்டுக்குள் 200 மீட்டர் நீளம் போனாலே ஏறக்குறைய ஒரு ஏக்கர். மூணு ஏக்கர்காரனுக்கு அது என்னன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

காஸ் வேண்டாம்னு யாரும் சொல்லலை. நெடுஞ்சாலை ஓரமா கொண்டுபோங்க என்பதுதான் கோரிக்கை. 2013 மார்ச்சில் கோவையில் விவசாயிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டாங்க. அதே மாசம் முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில், விளைநிலம் வழியா குழாய் கூடாது, நெடுஞ்சாலை ஓரமா போகட்டும்னு அறிவிச்சார். ஊரே கொண்டாடியது. நானும்தான்.

அந்தக் கொண்டாட்டம் எட்டு மாசம்தான். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், குழாய்ப் பாதையை மாற்றச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் இல்லைன்னு அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இத்தனைக்கும் நடுவே, 2014 ஜூன் 27-ல் ஆந்திராவில் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற ஊரில் கெயில் குழாய் வெடிச்சு இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்திருந்தாங்க.

எனக்கு இன்னும் ஆறாதது ஒண்ணு. மூணு வருசம் நடந்த வழக்கில் முடிவானது மத்திய அரசா மாநில அரசா, யாருக்கு அதிகாரம் என்பது. தன் காட்டில் தென்னை வைக்கிற உரிமைக்குப் பத்து சதவீதம் போதுமா என்கிற எங்க கேள்வி அந்தத் தராசில் ஏறவே இல்லை. பாலஸ்தீனத்தில் பெத்லகேம் பக்கம் ஒரு குடும்பம், 1916-ல் வாங்கி ஒட்டோமான் அரசிடம் பதிவு செஞ்ச நிலத்துக்காக 1991-ல் இருந்து இஸ்ரேலிய நீதிமன்றங்களில் அலையுது. அது அரசு நிலம்னு ராணுவ நிர்வாகம் சொன்னதுதான் வழக்கு. அவங்க பாட்டையும் நம்ம பாட்டையும் ஒண்ணா வைக்க மாட்டேன், அது வேற கொடுமை. ஆனா அங்கே வழக்கு நிலம் யாருது என்பதைப் பற்றி. எங்க பத்திரத்தை யாரும் பொய்னு சொல்லலை. அதனாலேயே அதைக் கோர்ட்டில் நீட்டி ஒரு பிரயோசனமும் இல்லாமப் போச்சு.

அதோட முடியலை. ராய்கரில் இருந்து புகளூருக்கு 800 கிலோவோல்ட் மின்கம்பி வந்தப்ப காட்டிய சட்டம் இன்னும் பழசு, 1885-ன் தந்திச் சட்டம். 2018 டிசம்பரில் மேற்கு மாவட்டங்களில் உண்ணாவிரதம் இருந்தாங்க. 2022 ஏப்ரலில் தருமபுரி மாவட்டத்தில் கெயில் குழாய்க்கு அளக்க வந்த நேரத்தில் ஒரு விவசாயி உயிரையே மாய்ச்சுக்கிட்டார். பெருமாநல்லூரில் 1970 ஜூன் 19-ல் மின்கட்டணத்துக்காகப் போராடி மூணு பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த மண்ணுங்க இது. அந்த வழியா போறப்பெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் மனசில் ஓடும்.

போன மாசம் பெரியப்பா தீர்வை கட்டிட்டு வந்து ரசீதைப் பெட்டியில் வெச்சார். மூணு ஏக்கருக்கும் சேர்த்துத்தான் கட்டியிருந்தார்.

"ஏனுங் பெரீப்பா, அந்தப் பட்டையில ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கும் எதுக்குங்க கட்டறீங்க?"

"கட்டாம உட்டு, நாளைக்கு அதும் நம்முளுது இல்லீன்னு எழுதிப்போட்டா என்னடா பண்றது?" என்றார். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.