மிச்சம் யார் கணக்கில்? வடசென்னைக்கான ஆற்றல் சிக்கன முதலீட்டு நிதி: ஒரு வடிவமைப்பு விவாதம்

நகரங்களில் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் திட்டங்களுக்கு நிதியம் ஒன்றை அமைக்கும்போது, போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வங்கிக்கு அது சரியான கேள்வி. பொதுப் பணத்தில் அமையும் நிதியம் அதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: மிச்சமாகும் ரூபாய் யாருடைய கணக்கில் போய்ச் சேர்கிறது? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியை முன்வைத்துப் பார்த்தால், இக்கேள்விக்கு விடை காணாத எந்த நிதியமும் வடசென்னையைத் தொடாமலே போய்விடும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பகுதி மாநிலத்துக்கு மின்சாரம் தந்த பகுதி. 450 மெகாவாட் எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் அதற்குள் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் இரண்டு கட்டங்களும் வல்லூரின் 1,500 மெகாவாட் நிலையமும் வந்துவிட்டன. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் கொண்ட மூன்றாம் கட்டமும் சேர்ந்துகொண்டது. ராயபுரம் மக்களை வாட்டிய நிலக்கரித் தூசு, உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கியது. அந்தச் சரக்கு வடக்கே எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. 

இதைக் காட்டி, இங்கே மின்சாரத்தைச் சேமித்தால் இங்குள்ள புகை குறையும் என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. மின்கட்டமைப்பு மாநிலம் முழுவதற்கும் ஒன்று. ராயபுரத்தில் மிச்சமாகும் யூனிட்டுக்காக அத்திப்பட்டுக் கொதிகலனில் நெருப்பைத் தணிக்க மாட்டார்கள். எந்த நிலையத்தை எப்போது குறைப்பது என்பதை உற்பத்திச் செலவு முடிவு செய்கிறது. சுமையை இத்தனை காலம் தாங்கியவர்களுக்கு நிதிப் பங்கீட்டில் முன்னுரிமை வேண்டும் என்பது நியாயத்தின் பாற்பட்ட கோரிக்கை. அதை அப்படியே வைப்பதுதான் நேர்மை.

நிதியம் அமைக்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. உலக வங்கிக் கடனுடன் 1988இல் தொடங்கிய நகராட்சி நகர்ப்புற வளர்ச்சி நிதி, 1996இல் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் என்ற அறக்கட்டளையாக மாறியது. ஐசிஐசிஐ, எச்டிஎப்சி, ஐஎல் அண்ட் எப்எஸ் ஆகியவை அரசோடு பங்கு சேர்ந்தன. நிர்வாகம் தனி நிறுவனத்திடம் போனது. அதன் தொடர்ச்சியாக 2002இல் குடிநீர், துப்புரவுத் தொகுப்பு நிதியத்தின் பெயரில் 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியானது. தனித்தனியே போயிருந்தால் கடன் சந்தையின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாத 13 உள்ளாட்சிகள் அதில் ஒன்றாகக் கடன் வாங்கின. 

முதலீட்டாளர் நம்பியதற்குக் காரணம் அந்த ஊர்களின் செல்வம் அல்ல. பாதுகாப்பு அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருந்ததுதான். ஊரின் வருவாய் முதலில், கடன் தவணைக்கென ஒதுக்கிய எஸ்க்ரோ கணக்குக்கு வரும். தவணை தவறினால், மாநில நிதி ஆணையத்தின் வழியாக அந்த ஊருக்கு வரவேண்டிய பங்கிலிருந்து அரசே பிடித்துக் கொடுக்கும். அதற்கும் அப்பால் ஒரு காப்பு நிதி, அதற்கும் அப்பால் அமெரிக்க வளர்ச்சி முகமையின் பகுதி உத்தரவாதம்.

இதே பாதுகாப்பு இல்லாமல் நாடு முழுவதும் ஓடிய திட்டம் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். 2009இல் பொதுத்துறை மின் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஈ.ஈ.எஸ்.எல்., மொத்தக் கொள்முதலால் எல்இடி பல்பின் விலையைப் பல மடங்கு இறக்கியது. அது பெரிய சாதனை. வீட்டு பல்பில் சிக்கல் குறைவு, ஏனெனில் பெரும்பாலும் வாங்குபவரே காசு கொடுத்தார். தெருவிளக்கில் நிறுவனம் முதலில் செலவழித்தது, உள்ளாட்சி பிறகு தவணையில் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டது. விளக்கு எரிந்தது, மின்கட்டணமும் குறைந்தது. ஆனால் பல மாநிலங்களில் தவணை வரவில்லை. குறைந்த கட்டணம் உள்ளாட்சியின் பொதுக் கணக்கில் கரைந்து, சம்பளத்துக்கும் குப்பை அள்ளுவதற்கும் போய்விட்டது. தொழில்நுட்பம் தோற்கவில்லை. மிச்சப்பட்ட ரூபாயைத் தனியே பிடித்து வைக்க ஏற்பாடு இல்லை.

இப்போது வடசென்னையின் வீட்டுக்குள் வருவோம். குடிசை மாற்று வாரியம் கட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றில், இரண்டு மாதத்துக்கு 95 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 75 வாட் பழைய மின்விசிறிகள் இரண்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் சுற்றுகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு 30 வாட் பிஎல்டிசி விசிறிகளை மாட்டினால், 60 நாளில் ஏறத்தாழ 43 யூனிட் மிச்சம். பயன்பாடு 52 யூனிட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் 2016இலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆகவே ஈபி பில் நேற்றும் பூஜ்யம், இன்றும் பூஜ்யம். அந்தக் குடும்பம் விசிறிக்கு லோன் வாங்க வேண்டும் என்று சொல்ல எந்த நிதியத்துக்கும் வாய் வராது. வழக்கமான கணக்குப்படி இந்தத் திட்டம் ‘முதல் திரும்பாதது’ என்று தள்ளப்படும்.

அந்த 43 யூனிட் மிச்சம் எங்கே போனது? மின்சாரச் சட்டம் 2003இன் 65வது பிரிவின்படி, மாநில அரசு எந்தப் பிரிவினருக்குச் சலுகை தருகிறதோ, அதன் தொகையை மின்பகிர்மான நிறுவனத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே மிச்சம் விழும் இடம் மாநிலக் கருவூலம். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியவரும் கருவூலமே. 

நிதித்துறை இதற்கு எளிதில் ஒப்பாது. மானியம் குறைந்தால் அதைத் தன் மிச்சமாகவே அது வைத்துக்கொள்ள விரும்பும். அளப்பது எப்படி என்றும் கேட்கும். அதற்கு வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. குடியிருப்புக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வைத்து, மாதிரி வீடுகளில் சரிபார்த்து, விசிறி ஒன்றுக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளலாம். அந்த யூனிட்டுக்குரிய மானியத்தை, விசிறியின் விலை தீரும்வரை மட்டும், கருவூலம் நிதியத்துக்குத் திருப்ப வேண்டும். அதன்பிறகு முழு மிச்சமும் அரசுக்கே. இதைக் கொண்டுபோய் வைக்கச் சட்டப்படியான இடமும் இருக்கிறது: ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001இன் 16வது பிரிவு, மாநிலந்தோறும் ஆற்றல் சேமிப்பு நிதி அமைக்கச் சொல்கிறது.

பொது நிறுவனங்களின் கணக்கில் சிக்கல் வேறு மாதிரி. சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரின் கழிவுநீர் உந்து நிலையத்தில் தேய்ந்த பம்பை மாற்றினால் கிடைக்கும் மிச்சம், நேராக அந்த வாரியத்தின் மின்கட்டணத்தில் தெரியும். வருவாய் உள்ள இடத்தில் இப்பகுதியில் அந்த வாரியம் துணிந்து முதலீடு செய்ததும் உண்டு: கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கும் ஆலை 2019இல் இயங்கத் தொடங்கியது. 

அரசு மருத்துவமனையின் நிலை அப்படியல்ல. ஸ்டான்லியிலோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலோ மின்செலவு குறைந்தால், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் அந்தத் தொகை குறைக்கப்படலாம். பாடுபட்டுச் சேமித்தவருக்குக் கையில் ஒன்றும் நிற்காது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாநகராட்சி 1995 முதல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அங்கே சுற்றுச்சூழல் துறை தன் நிதியிலிருந்து பிற துறைகளின் கட்டடங்களில் முதலீடு செய்கிறது. முதலீட்டைப் பெற்ற துறை தன் மின், வெப்பச் செலவுத் தலைப்பில் மிச்சமாகும் தொகையை, முதல் தீரும்வரை வட்டியின்றித் திருப்பிச் செலுத்துகிறது. பணம் நகராட்சிக்குள்ளேயே சுழல்கிறது. ஒதுக்கீட்டைக் கடன் தீரும்வரை குறைக்க மாட்டோம் என்ற ஓர் அரசாணை போதும், இங்கும் அது நடக்கும்.

மாநகராட்சியில் இன்னொரு தடை. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் 2011 வரை தனி நகராட்சிகள். அவற்றுக்கென்று வரவு செலவு இருந்தது, தெருவிளக்குக் கட்டணத்துக்குத் தனிக் கணக்கு இருந்தது. பெருநகர மாநகராட்சியோடு இணைந்தபின் அவை மண்டலங்கள், வார்டுகள். மண்டலத்துக்கென்று கடன் வாங்கும் கை இல்லை. மாநகராட்சிக்கு மொத்தமாகக் கடன் கொடுத்தால், மிச்சம் அதிகம் தெரியும் இடத்துக்கே பணம் போகும். பெரும்பாலும் அது விளக்குகள் ஏற்கெனவே நன்றாக எரியும் இடம். எனவே நிதியத்துக்குள் வடசென்னைக்கென்று வேறெங்கும் செலவிடக்கூடாத பகுதி ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும்.

இதோடு சேர்ந்ததுதான் அடிப்படை அளவு பற்றிய பிரச்சினை. பாதி விளக்கு எரியாத தெருவில் முழுவதும் எல்இடி போட்டால் யூனிட் கூடக்கூடும். கணக்கேடு அதை நஷ்டம் என்று எழுதும். ஒற்றை விசிறியில் ஐந்து பேர் தூங்கும் வீட்டிலும் அப்படியே. ஒப்பிட வேண்டியது பழைய பில்லோடு அல்ல. அந்தத் தெருவுக்கு உரிய வெளிச்சத்தைப் பழைய சாதனத்தில் தந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும். இந்த விதி ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், இல்லாமையில் இருக்கும் தெருக்கள் ஒவ்வொரு முறையும் தேர்விலிருந்து வெளியே தள்ளப்படும்.

தனியார் தரப்பில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பேக்டரிகளை விட நல்ல தொடக்கம் இல்லை. உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக இறங்கி நிற்கும் தகர டப்பாக்களில் தண்ணீர் உறைந்து ஐஸ் பாராகிறது. அதை உறைய வைக்கும் குளிரை அம்மோனியா கம்ப்ரசர் தருகிறது. கண்டென்சர் குழாயில் உப்புப்படலம் பிடித்தால் கம்ப்ரசர் கூடுதல் அழுத்தத்தில் மூச்சு வாங்கும். அதே பாருக்கு அதிக யூனிட் இழுக்கும். சுத்தமான குழாய், நல்ல காப்புறை, சுமைக்கேற்ப வேகம் மாறும் மோட்டார் ஆகிய மூன்றும் இருந்தால் செலவு கண்கூடாக இறங்கும். ஆனால் மாதத் தவணையாக நிர்ணயித்த கடன் இங்கே கட்டாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. ஐஸுக்குக் கிராக்கி விழும். அந்த இரண்டு மாதம் தவணை இல்லாத அட்டவணை வேண்டும்.

முதல் நஷ்டத்தைத் தாங்கும் அடுக்கு யாருடைய பணமாக இருக்க வேண்டும்? இப்பகுதியின் காற்றையும் கழிமுகத்தையும் பயன்படுத்தி இயங்கும் பெரிய பொதுத்துறை நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவும், இங்குள்ள ஆலைகளிடம் அரசு வசூலிக்கும் மின்வரியின் ஒரு பங்கும் அதற்கு ஏற்றவை. அவற்றை மானியமாகக் கொடுத்துத் தீர்ப்பதைவிட, கடன் தவறினால் மட்டும் கரையும் காப்பு நிதியாக வைத்தால் அதே ரூபாய் பலமுறை சுழலும்.

2023இல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கப்பட்டது. 2025இல் சென்னை மாநகராட்சி கொசஸ்தலையாறு வடிநிலத்தின் மழைநீர் வடிகாலுக்காக 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. ஆக, இப்பகுதிக்குப் பணம் திரட்ட முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. வடிகாலுக்கு முடிந்தது மின்சாரத்துக்கும் முடியும். மானிய மிச்சத்தை நிதியத்துக்குத் திருப்பும் ஓர் அரசாணையை நிதித்துறையும் எரிசக்தித் துறையும் சேர்ந்து முதலில் பிறப்பிக்கட்டும்.