கீழத் தஞ்சையில் கம்யூனிஸ்ட் கட்சிப் பிளவு (1964)

கம்யூனிஸ்ட் கட்சிகள் தம்மைத் தாமே களையெடுத்துக்கொண்ட வரலாற்றில் காவிரிக் கழிமுகத்துக்கும் ஒரு சிறு பங்குண்டு. 1921இல் சோவியத் கட்சியின் 10ஆம் மாநாடு உட்கட்சிக் குழுக்களைத் தடைசெய்தது. மாற்றுக் கருத்தைத் துரோகமாகப் பார்க்கும் பழக்கத்துக்கு அது வழிகோலியது. அரசதிகாரமும் காவல்துறையும் தலைமையின் கையில் இருந்ததால், 1937-38இல் மட்டும் அங்கே ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இந்தியாவில் கட்சிக்கு அந்த அதிகாரம் இல்லை. இதுவே பெரிய வேறுபாடு. சீன-சோவியத் பிணக்கு, 1962 இந்திய-சீனப் போர், காங்கிரஸை மதிப்பிடுவதில் கருத்து மோதல், கட்சித் தலைவர் டாங்கே பிரிட்டிஷ் அரசுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் ஆகியவற்றால் 1964 ஏப்ரலில் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தனர்; பி. ராமமூர்த்தியும் என். சங்கரய்யாவும் அவர்களில் அடங்குவர். துரோகி, திரிபுவாதி என்ற வசைகள் இங்கும் பறந்தன. ஆனால் வெளியேறியவர்கள் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி என்ற தனிக்கட்சி கண்டனர்.

கீழத் தஞ்சையில் பி. சீனிவாசராவ் முதலானோர் 1940களிலிருந்து பண்ணையாள்களைத் திரட்டிக் கட்டிய விவசாய இயக்கமும் இரண்டுபட்டது. சீனிவாசராவ் 1961இலேயே மறைந்துவிட்டார். சித்தாந்தச் சண்டை மாஸ்கோ, பீக்கிங் பற்றியது. வயலில் பிரச்சினையோ கூலிநெல். அந்தக் கூலித் தகராறின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் மார்க்சிஸ்ட் சங்கத்தைச் சார்ந்த தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தினர். பின்னாளில் திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம் வட்டாரங்களில் இரு கட்சிகளும் தேர்தல்களில் வென்றன.