ஓசையும் இசையும்: கல்முனைக் கரையின் ஒலிகள்

இசையை விரும்பாதார் உலகில் அரியர். இரைச்சலை விரும்புவார் அவரினும் அரியர். ஆயின் எது இசை, எது இரைச்சல் என வரையறுக்கப் புகுந்தால் எல்லை எளிதில் அகப்படுவதில்லை. ஒருவர் காதைப் பொத்திக்கொள்ளும் ஒலி மற்றொருவர்க்குச் செவி நிறைந்த இன்பமாகின்றது. இவ்வேறுபாடு ஒலியில் உள்ளதா, கேட்பவரிடத்து உள்ளதா? கிழக்கிலங்கையின் கல்முனைக் கரை வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

நம் முன்னோர் இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்தவரல்லர். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் ஆகிய நான்கு சொற்களும் இசை என்னும் பொருளுக்கு உரியன எனத் தொல்காப்பிய உரியியல் வகுக்கின்றது. அங்கே இசை என்பது ஓசையையே குறிக்கும். ஒலிக்கும் பண்ணுக்கும் ஒரே சொல் வழங்கிய மொழி நம்முடையது. அகத்திணையியலோ பறையையும் யாழையும் உணவு, மரம், புள், தொழில் என்பவற்றோடு சேர்த்துக் கருப்பொருளாக எண்ணுகின்றது. பின்வந்த இலக்கண நூலார் நெய்தல் நிலத்துக்கு மீன்கோட்பறையும் விளரியாழும் கூறினர். மீன் பிடிக்கும் தொழிலின் கொட்டும், இரங்கற் பண்ணின் யாழும் ஒரே நிலத்தின் செல்வங்களாக மதிக்கப்பட்டமை கருதத்தக்கது.

அந்நெய்தலை இன்றும் காண விழைவார் கல்முனைக் கரைக்குச் செல்லலாம். வடக்கே மருதமுனை, பாண்டிருப்பு. நடுவே கல்முனை, கல்முனைக்குடி. தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு என ஊர்கள் கோவையாக அமைந்துள்ளன. கிழக்கே வங்கக் கடல்; மேற்கே வயல். முஸ்லிம்களும் தமிழரும் அயலவராய் வாழும் இக்கரையில், ஒருவர் எழுப்பும் ஓசை மற்றவர் செவிக்கு எட்டாமல் இருப்பதில்லை.

இவ்வோசைகளுள் முதலில் குறிக்கத்தக்கது கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிறுத்தி, வலையைத் தோணியில் ஏற்றிக் கடலில் வளைத்துப் போட்டு, மறு முனையைத் தொலைவிலே கரை சேர்ப்பர். பின் இரு திறத்தாரும் ஒருங்கே இழுப்பர். ஒரு பக்கம் விரைந்து மறுபக்கம் தளர்ந்தால் வலை கோணும், மீன் தப்பும். ஆதலின் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றையோர் ஏலேலோ என வாங்கிப் பாடுவது பொழுதுபோக்குக்காக எழுந்ததன்று. அது பல கைகளை ஒரு கையாக்கும் கருவி. விடியலில் உறக்கம் கலைந்த விருந்தினர்க்கு அது கூச்சல். மடி கரையேறுவதை எதிர்நோக்கும் இல்லத்தார்க்கோ நற்செய்தி.

மருதமுனையின் கைத்தறி ஓசையும் அத்தகையதே. நாடா ஓடும் ஒலியும் மிதியின் ஒலியும் இடையறாது கேட்டால் அன்று உலை கொதிக்கும் என்பதை நெசவாளர் இல்லங்கள் அறியும். தறி ஓய்ந்த அமைதியே அவர்க்கு அச்சம் தருவது. நோன்பு மாதத்தில் சஹர் வேளைக்கு ஊரை எழுப்பப் பக்கீர் பாவாமார் றபான் கொட்டித் தெருவழியே பாடி வருதல் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களின் மரபு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்று விழா நிகழும் நாட்களில், கொட்டொலியும் கடையோசையும் அலையோசையோடு கலக்கும். கேட்போர் அவ்வோசையில் தமக்கொரு பங்குண்டென உணர்வதால் அது அவர்க்கு இனிதாகின்றது.

பங்கில்லாதவரும் இன்பம் பெறலாம். அதற்குக் கூர்ந்த கவனம் வேண்டும். இதற்குச் சான்று கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்பு வாவி. 1848ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியாளருள் ஒருவரான எமர்சன் தெனந்து அங்கு இரவில் படகேறிச் சென்றார். நீரினின்று எழுந்த மெல்லிய ஒலிகள், ஈரவிரலால் விளிம்பு தடவிய கண்ணாடிக் கிண்ணத்தின் அதிர்வை ஒத்தன என 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். படகின் மரத்தில் காதை வைத்தபோது அவ்வொலி மிகுந்து கேட்டதாம். ஆயினும் அவர் வருமுன்னரே மீனவர் அதனைக் கேட்டிருந்தனர். அது அழும் ஊரியின் குரல் எனப் பெயருமிட்டிருந்தனர்.

இக்கரை ஈன்ற பேரறிஞர் சுவாமி விபுலாநந்தர் (1892–1947) காரைதீவில் பிறந்து கல்முனையில் இளமைக் கல்வி கற்றவர். மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கும் அதிபராயிருந்தவர். வாவியின் ஒலியை நீரரமகளிரின் பாடலாக உருவகித்து அவர் செய்யுள் யாத்தார். அறிவியல் பயின்ற அவரே பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணித நெறியால் ஆராய்ந்து, 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். இசையாராய்ச்சியின் கொடுமுடியில் நின்றவர் வாவியின் சிற்றொலியையும் புறக்கணித்திலர் என்பது நாம் கற்கவேண்டிய பாடம்.

மேலைநாட்டார் இவ்வுண்மையைப் பிற்காலத்தே கோட்பாடாக்கினர். இத்தாலியரான ரூசோலோ 1913இல் இரைச்சலின் கலை குறித்து அறிக்கை எழுதினார். கனடியரான மரே சேபர் 1970களில் ஊர்களின் ஒலிச்சூழலைப் பதிந்து ஆராய்ந்தார். முன்னவர் இயந்திர ஓசையைக் கொண்டாடினார். பின்னவர் அதனால் அழியும் நுண்ணொலிகளுக்காகக் கவன்றார்.

அக்கவலை நமக்கும் உரியது. கரைவலைக் கயிற்றைப் பல இடங்களில் இன்று உழவு இயந்திரம் இழுக்கின்றது. இழுப்பவர் உடல் நோவு குறைந்தது நன்றே; ஆனால் இயந்திரத்துக்கு அம்பா வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனைக்குடிக் கரையில் உயிர்களையும் மனைகளையும் வாரிச் சென்றது. தாலாட்டாயிருந்த அலையோசை அன்று பலர்க்கு அச்சவொலியாயிற்று. இன்பம் ஒலியில் மட்டும் இல்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம், நிந்தவூர் எஸ். முத்துமீரான் தொகுத்த முஸ்லிம் நாட்டார் பாடல்கள் முதலியவற்றால் இப்பகுதியின் வாய்மொழிச் செல்வம் பெரிதும் காக்கப்பட்டது. எனினும் ஏடு சொல்லைத் தாங்குமேயன்றிக் கயிறு உராயும் ஒலியையும், மூச்சு வாங்கும் இடைவெளியையும் தாங்காது. மன்னர் பெயரும் போர் ஆண்டும் மட்டுமே வரலாறு எனக் கருதும் மாணவர், விடுமுறையில் தம் ஊர் சென்று ஒரு நாள் விடியலில் காது கொடுத்துக் கேட்பாராக. உழைக்கும் முதியோரிடம் அவ்வோசையின் பெயரையும் பொருளையும் கேட்டு எழுதுவாராக, ஒலிப்பதிவும் செய்வாராக. பொருள் விளங்கியபின் இரைச்சல் எனத் தோன்றியது இசையாகும். கேட்பார் இல்லாதபோது இசையும் மறைந்தொழியும்.