வெளியாள் வக்கீல்

அரசு வக்கீல் யாருடைய ஆள்? மக்களின் ஆள் என்று சட்டம் சொல்லும். ஆனால் அவருக்கு நியமன உத்தரவு தருவது ஆட்சியில் இருப்பவர். குற்றம் சாட்டப்பட்டவரே ஆட்சியிலும் உட்கார்ந்துவிட்டால்? ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கை அவர் குற்றவாளியா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வியாகவே பேசிப் பழகிவிட்டோம். வழக்கை யார் நடத்துவது என்ற சண்டைதான் அதில் பாதி.

1991-96இல் வருமானத்துக்கு மீறி 66 கோடியே 65 லட்சம் ரூபாய் சேர்த்தார் என்பது குற்றச்சாட்டு. 2000 ஆகஸ்டுக்குள் 250 சாட்சிகள் விசாரிக்கப்பட்டிருந்தார்கள். 2001இல் அவர் மறுபடி முதல்வர். 76 சாட்சிகள் திரும்ப அழைக்கப்பட்டார்கள்; 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவித்து மடக்கவுமில்லை. பார்த்துக்கிட்டு இருந்தார், அவ்வளவுதான்.

தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்சநீதிமன்றம் போனார். அரசியல் எதிரிக்கு இதில் என்ன வேலை என்ற வாதம் எடுபடவில்லை. ஆட்சியாளரைக் கண்காணிப்பதில் எதிர்க்கட்சிக்குப் பங்குண்டு என்றது நீதிமன்றம். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்குப் போனது. அரசு வக்கீலை நியமிக்கும் பொறுப்பு கர்நாடகத்துக்கு வந்தது. பி.வி. ஆச்சார்யா வந்தார்.

அதிகாரத்துக்கு வெளியே ஓர் இடம் கிடைத்துவிட்டதா? கர்நாடகத்திலும் அரசு உண்டு, கட்சிகள் உண்டு. 2012இல் ஆச்சார்யா விலகல் கடிதம் கொடுத்தார். அடுத்து வந்தவர் பவானி சிங். 2013இல் கர்நாடக அரசு அவரை நீக்கியபோது, நீக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் போனது யார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவர்கள்! தனக்கு எதிராக வாதாட வந்தவர் மேல் இவ்வளவு பிரியம் வேறெந்த வழக்கில் பார்த்திருக்கிறோம்? அவர்கள்தான் ஜெயித்தார்கள்.

ஆனாலும் 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா நான்காண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். தண்டனை பெற்றால் உடனே பதவி போகும் என்று 2013இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருந்ததால், முதல்வர் நாற்காலி அன்றே போனது. மேல்முறையீட்டில் அதே பவானி சிங்கையே அரசுத்தரப்புக்கு வாதாட நியமித்தது தமிழக அரசு, அதாவது அ.தி.மு.க. அரசு. எல்லா வாதமும் முடிந்த பிறகு, 2015 ஏப்ரல் 27 அன்று, அந்த நியமனம் செல்லாது என்றது உச்சநீதிமன்றம். ஆனால் வாதங்களை மறுபடி கேட்க வேண்டியதில்லையாம், எழுத்தில் கொடுத்தால் போதுமாம். இரண்டே வாரத்தில், மே 11 அன்று, விடுதலை. அந்தத் தீர்ப்பில் கடன்களைக் கூட்டியதில் பதிமூன்றரைக் கோடி பிசகியிருந்ததைச் சுட்டிக்காட்டியவர், கடைசி நாட்களில் திரும்ப அழைக்கப்பட்ட ஆச்சார்யா. 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. ஜெயலலிதா அதற்கு முன்பே, 2016 டிசம்பரில் இறந்துவிட்டார்.

பெங்களூர் இல்லையென்றால் 2014 இல்லை, நிச்சயம். ஆனால் வெளியாள் வக்கீலை வெளியாளாகவே வைத்திருந்தது மாநில எல்லை அல்ல, விடாமல் மனுப்போட்ட ஓர் எதிரியின் சொந்த நலன். அந்த எதிரி ஆட்சிக்கு வந்தால்? 2021க்குப் பிறகு தி.மு.க. அமைச்சர்கள் இருவர் மீதிருந்த பழைய சொத்துக்குவிப்பு வழக்குகளில் லஞ்ச ஒழிப்புத் துறை மேல்விசாரணை நடத்தி, குற்றமில்லை என்று அறிக்கை தந்தது, இருவரும் விடுவிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவற்றைத் தாமாகவே மறுஆய்வுக்கு எடுத்தார். மனுப்போட அங்கே ஓர் அன்பழகன் இல்லை.