பாதி வழியில் பாதை மாறியவர்கள்

நடுவயதில் பள்ளி ஆலோசகர் பணிக்கு மாறலாமா? இதுதான் இவ்வாரக் கருத்தரங்கின் தலைப்பு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேறு வேலை பார்த்துவிட்டு மீண்டும் மாணவராக உட்காருவதா என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால், இந்தப் பணியின் வரலாறே அப்படி மாறி வந்தவர்களின் வரலாறுதான்.

தொழில் வழிகாட்டலின் தந்தை என்று போற்றப்படுபவர் அமெரிக்காவின் பிராங்க் பார்சன்ஸ். 1873இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து ரயில்பாதை வேலையில் சேர்ந்தார். அவ்வாண்டுப் பொருளாதார நெருக்கடியில் வேலை பறிபோனது. இரும்பாலையில் கூலியாளாக உழைத்தார். பிறகு பள்ளியில் பாடம் நடத்தினார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டி நிலையத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 53. உன்னை அறி, தொழில்களை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் காட்டிய வழி. அதே ஆண்டில் அவர் காலமானார். அவரது நூல் 1909இல்தான் வெளிவந்தது.

அடுத்த திருப்பம் 1957இல் வந்தது. சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா அதிர்ந்தது. திறமையுள்ள மாணவர்களைக் கண்டறிந்து வழிநடத்தப் பள்ளிகளுக்கு ஆலோசகர்கள் தேவைப்பட்டனர். 1958ஆம் ஆண்டின் தேசியத் தற்காப்புக் கல்விச் சட்டம், பணியில் இருந்த ஆசிரியர்களையே பல்கலைக்கழகப் பயிற்சிக்கு அழைத்தது. அரசாங்கப் பள்ளி ஆசிரியருக்கு வாரம் 75 டாலர். அவரை நம்பியிருக்கும் ஒவ்வொருவருக்கும் மேலும் 15 டாலர். படிக்கப் போகிறவருக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதை அந்தச் சட்டம் மறக்கவில்லை!

நம் நாட்டுக்கு வருவோம். 1963இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த நிபுணர் மெக்கென்ஸி, பள்ளிகளில் வழிகாட்டிப் பணிக்கு அடித்தளமிட உதவினார். ஆனால், பல ஆண்டுகள் அது ஆசிரியர் தலையில் ஏறிய கூடுதல் சுமையாகவே இருந்தது. வகுப்பு நடத்தி, புத்தகம் திருத்தி, மிஞ்சிய நேரத்தில்தான் மாணவரின் மனக்குறையைக் கேட்க முடிந்தது. 1996இல்தான் 500 மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில் இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர்கள் என்று முடிவானது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதவர் இத்தொழிலை நடத்த முடியாது என்று வரையறுத்தது.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? அனுபவம் நல்ல முதலீடு. ஆனால் அது மட்டும் போதாது. "நான் பார்க்காத பிள்ளைகளா?" என்று கேட்பவர், அறிவுரை சொல்வதை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்கவும், கேட்டதை வெளியே சொல்லாமல் காக்கவும் முறையாகப் பயில வேண்டும்.

வீட்டில் ஒருவர் இந்த முடிவை எடுத்தால், இந்த வயதில் ஏன் என்று கேட்காதீர்கள். அவர் படித்து முடிக்கும்வரை குடும்பச் செலவை எப்படிச் சமாளிப்பது என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அவருக்கு வேண்டிய முதல் ஆலோசனை அதுதான்.