ஓலை இறங்கிய கதை

மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கீழடி. 2015-ல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியதும் செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும் கூரை ஓடுகளும் வெளிவந்தன. ஓடுகளின் மேற்பகுதியில் கயிறு கோத்துக் கட்டத் துளைகள். மழைநீர் வழிய விரலால் இழுத்த பள்ளங்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய கைவினை அது. ஆனால் அதே சமவெளியில் உழுது நட்டு அறுத்த குடும்பங்களில் பல, நேற்று வரை மண்சுவருக்கு மேல் ஓலை வேய்ந்துதான் குடியிருந்தன.

ஓலைக் கூரை மலிவானது என்பது பாதி உண்மைதான். மழைக்காலம் நெருங்குமுன் கீற்று மாற்ற வேண்டும். கோடையில் ஒரு பொறி போதும், தெருவே எரியும்.

1998 ஆகஸ்ட் 17 அன்று இதே மதுரைப் பக்கம், திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் தமிழகத்தின் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்தை முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். ஓலைக்குப் பதில் கான்கிரீட் தளம் போட்ட நூறு வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சேரி ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்றே பழகிய மண்ணில், அடுத்த வீட்டில் யார் இருப்பது என்பதையும் வீட்டுத் திட்டத்துக்குள் கொண்டுவந்த முயற்சி இது. கான்கிரீட் தளத்தைவிட இதுவே பெரிய மாற்றம்.

பிறகு வந்த திட்டங்கள் குடிசை இருந்த இடத்திலேயே வீடு எழுப்பின. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்கு 75,000 ரூபாய். 2011-ல் முதல்வர் ஜெயலலிதா அறிவித்த பசுமை வீட்டுக்கு 300 சதுர அடி, 1.80 லட்சம், சூரிய மின்விளக்குகள். 2024-ல் கலைஞரின் கனவு இல்லத்துக்கு 360 சதுர அடி, 3.50 லட்சம்.

இந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை முடிய முடியத் தவணையாக வரும். இடையில் கம்பிக்கும் ஜல்லிக்கும் கொத்தனார் கூலிக்கும் நகை அடகுக்குப் போகும். சித்தாள் வேலையை வீட்டுப் பெண்களே பார்ப்பார்கள்.  தளம் போட்டபின் பூச்சு அடுத்த அறுவடைக்குக் காத்திருக்கும். கழிப்பறைக்குக் கதவு, அதற்குத் தண்ணீர் என ஒவ்வொன்றும் கைக்குப் பணம் வரும்போதுதான் நடக்கும். 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீரை வீட்டுக் குழாயிலேயே தர வேண்டும் என்கிறது. அந்தக் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும் ஊரில், தெருக்குழாய்க்குக் குடம் தூக்கிய பெண்களின் காலைப்பொழுது அவர்களுக்கே மிஞ்சுகிறது.