நெல்லைச் சீமையில் கிறிஸ்தவ சபைகள் பிரிந்த வரலாறு

திருநெல்வேலி டவுணிலிருந்து கிழக்கே புறப்பட்டு, சந்திப்பைக் கடந்து, 1843இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வழியே தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை வருகிறது. மக்கள் ‘ஊசிக் கோபுரம்’ என்றழைக்கும் தூய திரித்துவப் பேராலயம், ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ எனப்படும் குளோரிந்தா ஆலயம், கத்தோலிக்கரின் தூய சவேரியார் பேராலயம் ஆகிய மூன்றும் ஒரே ஊருக்குள் உள்ளன. நம் சமுதாயப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவரும் தூய யோவான் கல்லூரி தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. தூய சவேரியார் கல்லூரி இயேசு சபையாருடையது. இரண்டிலும் படித்துத் தேறியவர்களிடம் இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், பெரும்பாலோர் “இது சி.எஸ்.ஐ., அது ஆர்.சி.” என்பதோடு நிறுத்திக்கொள்வர்.

நம் மேடைகளிலோ இவ்வேறுபாடு ஏளனத்திற்குரிய பொருளாகிவிடுகிறது. ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு இத்தனை சபைகளா என்று கேட்டுக் கைதட்டல் பெறும் பேச்சாளர்களை நாம் அறிவோம். நம் முன்னோர்களான அறிஞர்கள் இதை இவ்வாறு அணுகவில்லை. கி.பி. 1153இல் மறைந்த இமாம் ஷஹ்ரஸ்தானி, தமது ‘அல்மிலல் வந்நிஹல்’ நூலில் கிறிஸ்தவரின் பெரும் பிரிவுகளாக மல்கானியா, நஸ்தூரியா, யஃகூபியா ஆகிய மூன்றைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றின் கொள்கையையும் தனித்தனியே விளக்குகிறார். அறிந்துகொள்வதே அவர் நோக்கம். மக்காவின் கொடுமையிலிருந்து தப்பிச் சென்ற ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் தந்த நஜாஷி மன்னரின் அபிசீனியத் திருச்சபையும் இத்தகையதொரு பிரிவைச் சேர்ந்ததே. 451இல் கூடிய கல்சிதோன் பேரவையின் முடிவை ஏற்காத எகிப்திய, சிரிய மரபோடு இணைந்தது அது.

கல்சிதோனில் எழுந்த பிணக்கு ஈஸா (அலை) அவர்களின் இயல்பு பற்றியது. 1054இல் ரோமாபுரியும் கான்ஸ்டாண்டிநோபிளும் பிரிந்ததில் கொள்கையோடு தலைமைப் போட்டியும் கலந்திருந்தது. 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் போப்பாண்டவரின் அதிகாரத்திற்கு எதிராக வேதத்தை நிறுத்தினார். 1534இல் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தம்மையே தம் நாட்டுத் திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். இவற்றுள் எதிலும் தமிழருக்குப் பங்கில்லை. ஆயினும் இவை யாவும் கப்பலேறி நம் கரைக்கு வந்து சேர்ந்தன.

முதலில் வந்தது கத்தோலிக்கம். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக மரைக்காயர்களுக்கும் பரதவர்களுக்கும் மூண்ட பகையில், பரதவர்கள் போர்த்துக்கீசியரின் உதவியை நாடினர். 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் கூட்டங்கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே பெயரளவில் கிறிஸ்தவர்கள். நம் சமுதாய வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய செய்தி இது. அதனைத் தனியே எழுதவேண்டும்.

சீர்திருத்தக் கிறிஸ்தவம் 1706இல் சீகன்பால்குவுடன் தரங்கம்பாடிக்கு வந்தது. அவர் லூதரன் மரபினர். அதே மரபினரான ஜெர்மானியர் சுவார்ட்ஸ், ஆங்கிலேயச் சங்கமொன்றின் ஊதியத்தில் தஞ்சைப் பகுதியில் பணியாற்றினார். அவர் 1778இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் அளித்த பிராமண விதவையே குளோரிந்தா. அவ்வம்மையாரின் முயற்சியால் 1785இல் எழுந்ததே மேலே குறிப்பிட்ட ஆலயம். அச்சபைக்குப் பொறுப்பேற்ற சத்தியநாதன் என்னும் தமிழர் 1790இல் லூதரன் முறைப்படி குருப்பட்டம் பெற்றார். பேராயர் எவரும் அவர் தலைமீது கைவைக்கவில்லை. ஆங்கிலேயச் சங்கமும் ஆட்சேபிக்கவில்லை. அக்காலத்தில் இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர்கூட இல்லை என்பதே இதற்குக் காரணம்.

இவ்விடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. தொழுகை நடத்தும் இமாமுக்கு நம்மிடையே பட்டாபிஷேகம் எதுவுமில்லை. மார்க்க அறிவும் ஓதுந்திறனும் உடைய எவரும் முன்னின்று தொழவைக்கலாம். எனவே ஷாஃபிஈ ஒருவர் ஹனஃபி இமாமைப் பின்பற்றித் தொழுவதில் தடையில்லை. கிறிஸ்தவ மரபிலோ திருவிருந்தை நடத்துபவர் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதே பழைய பெருஞ்சபைகளின் விதி. அப்பட்டத்தை யார் அளிப்பது? அப்போஸ்தலர் காலந்தொட்டு வழிவழியாக வந்த பேராயரின் கை மட்டுமே அதற்குரியது என்கின்றனர் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கருள் ஒரு சாராரும். மூத்த குருக்களே போதும் என்பது ஜெர்மானிய லூதரன்களின் நடைமுறை. ஆகவே சபைகளை மத்ஹபுகளோடு ஒப்பிடுவது முழுதும் பொருந்தாது. கருத்து வேறுபாடு எங்கும் உண்டு. ஒருவர் நடத்தும் வழிபாடு மற்றவருக்குச் செல்லுமா என்பதே அங்கே பிணக்கு.

இப்பிணக்கு நெல்லையில் வெடித்தது இரேனியுஸ் காலத்தில். பிரஷ்யாவில் பிறந்து லூதரன் குருவான அவர், சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்கன் சங்கத்தின் ஊழியராக 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். போதிய ஆங்கிலேயக் குருக்கள் முன்வராமையால் அச்சங்கம் ஜெர்மானியரை அமர்த்திய காலம் அது. ஊசிக் கோபுர ஆலயத்தை 1826இல் எழுப்பியவர் அவரே. பதினைந்து ஆண்டுகளில் அவருடைய சபையார் பத்தாயிரத்தைத் தாண்டினர். இத்தனை ஊர்களுக்குத் தமிழ்க் குருக்கள் வேண்டும். தம் உபதேசியார்களுக்குத் தாமே லூதரன் முறையில் பட்டமளிக்க அவர் விழைந்தார். ஆனால் 1814லேயே கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் பேராயர் பதவி ஏற்பட்டுவிட்டது. 1790இல் இயல்பாக நடந்த ஒன்று இப்போது விதிமீறலாயிற்று. பேராயர் கையால்தான் பட்டம் என்றது சங்கம். இரேனியுஸோ இங்கிலாந்துத் திருச்சபையின் அமைப்பையே விமர்சித்து எழுதி வெளியிட்டார். 1835இல் அவர் நீக்கப்பட்டார். ஆர்க்காட்டுக்குச் சென்றவரை அவர்தம் உபதேசியார்கள் திரும்ப அழைக்க, அவரும் வந்தார். சபை இரண்டாகப் பிளந்தது. 1838 ஜூனில் அவர் இறந்தபின் அவருடைய தோழர்கள் சங்கத்தோடு சேர்ந்துகொண்டனர். ஈண்டு நோக்கத்தக்கது, இருதரப்புக்கும் இறைக்கொள்கையில் வேறுபாடு ஏதுமில்லை என்பதே.

ஆங்கிலிக்கருக்குள்ளேயும் ஒருமை இல்லை. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் இரு சங்கங்களும் ஊர்களைப் பங்கிட்டுக்கொண்டன. மெஞ்ஞானபுரமும் டோனாவூரும் முன்னதற்கு. நாசரேத்தும் முதலூரும் இடையன்குடியும் பின்னதற்கு. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் சி.எம்.எஸ். சார்பில் சார்ஜென்டும் எஸ்.பி.ஜி. சார்பில் கால்டுவெல்லும் ஒரே நாளில் உதவிப் பேராயர்களாக்கப்பட்டனர். ஒரே மாவட்டத்திற்கு, ஒரே திருச்சபையின் இரு பேராயர்கள்! 1896இல்தான் திருநெல்வேலிக்கெனத் தனிப் பேராயம் அமைந்தது.

தமிழர் தாமே தோற்றுவித்த பிரிவுகளும் உண்டு. அவற்றின் காரணம் வேறு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் நாம் போற்றும் கால்டுவெல், 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அம்மக்களைத் தாழ்த்துவதாக அமைந்தது. அதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், சட்டாம்பிள்ளை என்றழைக்கப்பட்ட அருமைநாயகம். நாசரேத்தில் மிஷன் பணியிலிருந்து விலக்கப்பட்ட அவர், 1857இல் பிரகாசபுரத்தில் ‘இந்து கிறிஸ்தவ சபை’யை நிறுவினார். ஐரோப்பியரின் வழக்கங்கள் வேறு, வேதம் வேறு என்பது அவருடைய வாதம். பழைய ஏற்பாட்டைப் புரட்டி, சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். யூதப் பண்டிகைகளையும் தூபங்காட்டுதலையும் மேற்கொண்டார். திருவிருந்தில் புளிக்காத திராட்சைச் சாற்றையே ஏற்றார். போப்பாண்டவருக்கு எதிராக லூதர் ஏந்திய ஆயுதத்தைத் தமிழர் ஒருவர் லூதரின் வழிவந்தோர்மீதே திருப்பினார் என்பேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய ஏழாம்நாள் அட்வெந்து சபையார் இங்கு வந்தபோது, சனிக்கிழமை ஆசரிப்போர் முன்னரே இருந்த பிரகாசபுரத்தையே தம் பணிக்களமாகத் தேர்ந்தனர்.

இரேனியுஸின் மாணவரான அருளப்பன் வேறொரு வழியில் சென்றார். சங்கத்தின் சம்பளமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம் என்று 1840களில் கிறிஸ்தியான்பேட்டை என்னும் ஊரை அமைத்தார். 1860இல் அவரைச் சூழ்ந்தோரிடையே எழுந்த ஆவியின் எழுச்சியில் அந்நிய பாஷை பேசுதலும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டன. அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே இயக்கம் தோன்றுவதற்குச் சுமார் நாற்பதாண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி இது.

அப்படியாயின் கத்தோலிக்கரிடையே சண்டையே இல்லையா? நிறைய இருந்தது. முத்துக்குளித்துறையில் கோவாவின் குருக்களும் ரோமாபுரி நேரடியாக அனுப்பிய குருக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலய உரிமைக்காக மோதினர். வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் சேர்ந்தமர மறுத்ததால், 1872இல் எழுந்த ஆலயமே இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. பலிபீடம் ஒன்று, மக்கள் இரு பக்கம். 1910இல் பங்குக்குரு தடுப்பை அகற்றினார். வெள்ளாளர் நீதிமன்றம் சென்று தோற்றனர். சட்டாம்பிள்ளையின் கோபம் தனிச் சபையாக வெளிவந்தது. வடக்கன்குளத்துப் பகை சுவராகவே உள்ளே நின்றது. ஒரே தலைமை உள்ள இடத்தில் பிளவு வெளியே தெரிவதில்லை. சபைகளை எண்ணிப் பார்ப்பவர் கணக்கிலும் அது வருவதில்லை.

பிரிந்தவற்றை இணைக்கும் முயற்சியும் இம்மண்ணின் மைந்தர் ஒருவருடையதே. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் இந்தியரான முதல் ஆங்கிலிக்கன் பேராயராகத் தோர்னக்கல்லில் பொறுப்பேற்ற அசரியா, 1919இல் தரங்கம்பாடியில் கூடிய முப்பத்து மூவருள் முன்னின்றவர். ஐரோப்பாவின் சண்டைகளை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய வினாவின் சாரம். எனினும் பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. காரணம், இரேனியுஸ் காலத்துப் பிணக்கேதான்: பேராயர் கைவைக்காத குருவின் பட்டம் செல்லுமா? ஏற்கெனவே பட்டம் பெற்றோருக்கு மறுபட்டம் வேண்டியதில்லை, இனிப் பெறுவோருக்குப் பேராயரே அளிப்பார் என்று முடிவாயிற்று. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அசரியா 1945லேயே மறைந்துவிட்டார்.

1919லேயே தனித் திருச்சபையாக அமைந்திருந்த தமிழ் லூதரன்கள் இந்த இணைப்பில் சேரவில்லை. ஆந்திரத்தின் நந்தியால் பகுதியில் எஸ்.பி.ஜி. மரபில் வளர்ந்த ஆங்கிலிக்கருள் பலரும், பேராயரின்றிப் பட்டம் பெற்றவர்களோடு கலக்க மாட்டோம் என்று ஒதுங்கினர். ஒன்றாவதற்காகச் செய்த ஏற்பாட்டிலிருந்தே இன்னொரு பிரிவு மிஞ்சியது. அவர்கள் தென்னிந்தியத் திருச்சபையில் வந்து சேர்ந்தது 1975இல்.